சர்க்கரை சுமந்த எலிகள்

பால்சுனை என்கிற ஊரில், மலையடிவாரத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில், ஒரு காலத்தில் நூல் மில்லாக இருந்து பிறகு எலி ஆராய்ச்சி நிலையமாக ஆகிப்போன கட்டடத்தில், ஆடிக்காற்று அடித்த ஒரு நாளிலிருந்து எலிகள் ஊர்க்காரர்களின் சர்க்கரையைச் சுமக்க ஆரம்பித்தன. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரிலேயே யாரும் கேட்கவில்லை, நான் மட்டும் கேட்டு என்ன ஆகப்போகிறது? பால்கோவா கிண்டிப் பிழைக்கிற ஊர் அது. தெருவுக்குத் தெரு அடுப்பு, அடுப்புக்கு அடுப்பு இரும்புச் சட்டி, வீட்டுக்கு வீடு சர்க்கரைக்காரர். இந்தச் சர்க்கரையைத் தூக்கிக்கொள்ள நானிருக்கிறேன் என்று ஒரு ஜீவன் முன்னால் வந்தால், அது எலியா யானையா என்று விசாரிக்கிற நிலைமையில் ஊர் இல்லை.

முதலில் இது தெரியவந்தது பால்காரர் சங்கரலிங்கத்துக்குத்தான். நிலையத்து டீக்குப் பால் ஊற்றப் போனவர், ஊற்றினோமா வந்தோமா என்று இல்லாமல், அடுக்கியிருந்த கூண்டுகளில் ஒன்றின் கம்பிக்குள் விரலை விட்டு விளையாட்டுக் காட்டினார். உள்ளே இருந்த கறுப்பு எலி பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டாலும் அவர் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஜோசியக்காரன் கை பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தது. அவ்வளவுதான். சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் சோதித்தபோது சங்கரலிங்கத்தின் ரத்தம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் ரத்தமாக இருந்தது. நிலையத்தில் எலியின் வால் நுனியில் குத்திச் சோதித்த டாக்டர் ஹெப்சிபா, கல்யாண வீட்டில் பந்தி பந்தியாக உட்கார்ந்து எழுந்த ஆளின் சர்க்கரை அந்தக் குட்டி உடம்புக்குள் ஓடுவதைக் கண்டு, கருவி கெட்டுப்போச்சு என்று வேறு கருவி எடுத்தார். அதுவும் அதையே சொன்னது.

மறுநாள் சங்கரலிங்கத்தின் கால் திரும்பி வந்தது. சர்க்கரை முற்றினவர்களுக்குப் பாதம் செத்துப்போகும் என்பது பால்சுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சங்கரலிங்கத்தின் கால் அப்படிச் செத்து வருஷக்கணக்காச்சு. ஆணியை மிதித்தாலும் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் கால் திரும்பியபோது சும்மா திரும்பவில்லை. தான் இல்லாத காலத்தில் வந்துவிட்டுப் போன அத்தனையையும், வந்த வரிசையிலேயே கூட்டிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு கருவேல முள். அது அடங்கினதும் மாடு மிதித்தது. அது அடங்கினதும் பால் கேன் விழுந்தது, கண்ணாடிச் சில்லு ஏறியது, கொதிக்கிற பால் ஊற்றியது. “அய்யய்யோ, இது போன பங்குனியில கேன் விழுந்ததுல்லா! இப்ப வந்து உயிரை வாங்குதே!” என்று சங்கரலிங்கம் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து கத்திய கத்தலில் மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. எல்லாம் வந்து தீர்ந்ததும் எழுந்து நடந்தார். மணலில் கால் வைத்து, மணலா இது, மணலா இது என்று சிரித்தார்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? நிலையத்து வாசலில் வரிசை நின்றது. வாட்ச்மேன் முதலில் விரட்டினார், பிறகு தன் மாமியாரை அழைத்துக்கொண்டு அவரே வரிசையில் நின்றார். எல்லா எலியும் எல்லாருக்கும் எழுந்து நிற்காது என்பது சீக்கிரமே புரிந்தது. டாக்டர் ஹெப்சிபா நாசரேத்துப் பக்கத்துப் பெண், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர், அவர் படியில் நின்று சொன்னார்: “ஒவ்வொரு எலிக்கும் மரபணுவுல ஒரு இடத்தை நாங்க மாத்தி வச்சிருக்கோம். உங்கள்ல யாருக்குப் பிறவியிலேயே அதே இடத்துல அதே பழுது இருக்கோ, அவங்களைத்தான் அது பிடிக்குது. இதுக்கு மேல எனக்குத் தெரியாது.” ஊர் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் ‘பொருத்தம்’ என்று பேர் வைத்தது. ஜாதகம் பார்க்கிறவர் நிலையத்து எதிரில் பாய் போட்டார். பெண் பார்க்கப் போகிற வீட்டில், நகை நட்டு விசாரித்த கையோடு, பிள்ளைக்கு எலி உண்டா, எந்த வரிசைக் கூண்டு என்றும் விசாரித்தார்கள்.

கால் திரும்புகிற வீட்டுக்கு என்று ஒரு முறையும் தானாக உண்டாகிவிட்டது. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போவது மாதிரி அக்கம்பக்கத்துப் பெண்கள் போய் உட்கார்வார்கள். பாய் விரித்து, மோர் கரைத்து வைத்து, திரும்புகிறவரை நடுவில் உட்கார்த்தி, ஒவ்வொரு வலியாக வர வர என்ன வலி என்று எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடித்துச் சொல்வார்கள். “இது நெருஞ்சி.” “இல்ல மதினி, நெருஞ்சி இப்படித் தூக்கிப் போடாது, இது தேளு.” வலியின் பேர் தெரிந்துவிட்டால் அது சீக்கிரம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. சர்க்கரையைச் சுமந்து சுமந்து எலி செத்தால் செய்கிற முறைதான் நாளாக நாளாகத் தேய்ந்தது. முதல் எலிக்கு மாலை போட்டு மலையடிவாரத்தில் புதைத்தார்கள். பிறகு செத்த எலிக்கு ஒரு கை பூ. பிறகு பூவும் இல்லை. செத்துப்போச்சா, சரி, அடுத்ததைக் காட்டுங்க என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எதுவும் பழகிவிட்டால் அப்படித்தான், ஊரைச் சொல்லிக் குற்றமில்லை.

இத்தனைக்கும் நடுவில், தினமும் அந்த எலிகளோடேயே கிடந்தும், எலி பிடிக்காத கால் ஒன்று பால்சுனையில் இருந்தது. அது சொர்ணத்தாயின் கால்.

சொர்ணத்தாய் நிலையத்தில் கூண்டு சுத்தம் பண்ணுகிறவள். மரத்தூள் மாற்றுவது, தண்ணி பாட்டில் கழுவி நிரப்புவது, தீனி போடுவது. அதற்கு முன்னால், கல்யாணமாகி வந்த நாள் முதலாக, பால்கோவா அடுப்பில் சட்டி கிண்டினவள். நல்ல சரீரம். அவள் நின்று கிண்டினால் அடுப்படியே நிறைந்திருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதெல்லாம் முன்னே. புருஷன் போன பிறகு ஒரு நாள் அடுப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவள் புறங்காலில் விழுந்து உட்கார்ந்துகொண்டது. அவள் பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னமோ கருகுற வாசம் வருதே என்று தேடின பக்கத்து அடுப்புக்காரி தங்கபாப்பா, “அய்யோ மதினி, உங்க காலு!” என்று அலறினாள். சொர்ணத்தாய் குனிந்து யாரோ ஒருத்தர் காலைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, கங்கைத் தட்டிவிட்டு, மறுபடி கிண்டினாள். நிறுத்தினால் பால் அடிப்பிடித்துவிடும் இல்லையா? அன்றைக்கே முதலாளி, “தாயி, நீ வீட்டுல இரு. உன் காலுக்கு நான் பதில் சொல்ல முடியாது” என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அப்படித்தான் எலிகளிடம் வந்து சேர்ந்தாள்.

அவள் புருஷன் வன்னியராஜ், அவளுக்கு அத்தை மகன். சைக்கிள் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் முக்கிக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பஞ்சர் தேடியே வலது கட்டைவிரல் தோல் காய்த்து, நகம் நடுவில் பிளந்து போனவர். ஆள் ஒல்லி. கல்யாணத்தன்றே, மாப்பிள்ளை எங்கே, மாலை மட்டும் நிக்குதே என்று கேலி பண்ணினார்கள். போகப் போக இன்னும் ஒல்லியானார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. ஊர் என்ன சொல்லும்? “ஏ சொர்ணம், அண்ணாச்சி சோத்தையும் சேத்து நீயே தின்னுட்டயா?” என்றது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புருஷனைத் தேற்றியே தீர்வது என்று முடிவு கட்டினாள்.

பால்கோவா அடுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. சட்டியை இறக்கினதும் அடியிலும் ஓரத்திலும் பிடித்திருக்கிறதே, அந்தச் சுரண்டல், அது கிண்டினவளுக்குச் சொந்தம். முதலாளிக்கு அதில் பாத்தியதை இல்லை. லேசாகக் கருகி, சர்க்கரை பாகாகி, கோவாவை விட ருசியாக இருக்கும். சொர்ணத்தாய் அதை மந்தார இலையில் பொதிந்து தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்தாள். அவர் தின்றார். ஒல்லியானார். அவள் தங்கபாப்பாவின் சட்டிச் சுரண்டலையும் கேட்டு வாங்கிப் பொதிந்தாள். அதையும் தின்று இன்னும் ஒல்லியானார். கடைசியில் மயங்கி விழுந்து பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. “ஊதினாப் பறக்கிற ஆளுக்குச் சர்க்கரையா?” என்று ஊர் வாயைப் பிளந்தது. அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது.

அவர் போனது ஒரு மத்தியானம். மூக்கில் குழாய், வாயில் குழாய், பேச்சு கிடையாது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள். வார்டு கழுவுகிற அம்மாள் வந்து, “காலைத் தூக்கும்மா, தண்ணி ஊத்தணும்” என்றாள். சொர்ணத்தாய் கால் இரண்டையும் தூக்கிக் கட்டில் ஓரத்தில், போர்வைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தண்ணித் தொட்டியில் ஒரு காக்கா குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா குளித்து முடித்துப் பறந்தது. நர்ஸ் வந்து, “எப்பம்மா போச்சு?” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை.

அழுகை வரவில்லை. மறுநாள் உச்சி வெயிலில், பெண்கள் திரும்புகிற முக்கு வரைக்கும் பாடைக்குப் பின்னால் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தாள். மற்றவர்கள் ஓரத்து மண்ணில் துள்ளித் துள்ளி ஓடினார்கள், அவள் நடுரோட்டில் நிதானமாக நடந்தாள். சாயங்காலம் மகள் பொன்மாரிதான் அம்மா பாதத்தில் கொப்புளம் உடைந்து தொங்கின தோலை வெட்டி எடுத்தாள். அப்போதும் அழவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாக.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் போயிடுச்சு என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

எலிகள் சர்க்கரை சுமக்க ஆரம்பித்த பிறகும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கொழுத்த எலிக் கூண்டுகள் முன்னால்தான் முண்டினார்கள். உருண்டையாக, கழுத்தே தெரியாமல், தீனித் தொட்டியை விட்டு நகராத எலிகள். கொழுத்தது நிறையச் சுமக்கும் என்று ஊருக்குக் கணக்கு. கடைசி வரிசையில் விலா எலும்பு தெரிய ஒரு வெள்ளை எலி இருந்தது, ஒல்லி என்றால் அப்படி ஒல்லி. அந்த வகையில் மற்றதெல்லாம் செத்து அது ஒன்றுதான் மிச்சம். யாருக்கும் எழுந்து நின்றதில்லை. ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். மற்ற கூண்டுக்கு ஒரு பாட்டில் ஊற்றினால் அதற்கு மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். நோஞ்சான் என்று சொல்லிக்கொண்டே சனங்கள் அதைத் தாண்டிப் போனார்கள்.

“இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது சொர்ணத்தாயம்மா” என்றார் டாக்டர் ஹெப்சிபா ஒரு மத்தியானம், கூடத்து வராந்தாவில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு. “அந்தக் குண்டனுக்கும் இந்த நோஞ்சானுக்கும் ஒரே தீனிதான போடுறீங்க?”

“ஒரே தீனிதான் டாக்டரம்மா.”

“குண்டன் உடம்புல கொழுப்பைச் சேர்த்து வைக்க இடம் இருக்கு. தின்னதெல்லாம் போய் அங்க உட்கார்ந்துக்குது, ரத்தம் சுத்தமா இருக்கு. அவன் தன் பாட்டுக்கு இருந்தா அவனுக்குச் சர்க்கரையே வராது. இந்த நோஞ்சானுக்கு மரபணுவுல அந்த இடமே இல்லை. தின்னது ஒதுங்க இடம் இல்லாம ஈரல்லயும் ரத்தத்துலயும் கிடந்து சுத்துது. பார்க்கத்தான் ஒல்லி, உள்ள பூராவும் சர்க்கரை. குண்டா இருந்தா சர்க்கரை, ஒல்லியா இருந்தா இல்லைன்னு எல்லா உடம்பையும் ஒரே கணக்குல அடக்க முடியாது.”

சொர்ணத்தாய் கையில் கழுவின பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. “அப்ப, ஒல்லியா இருக்கேன்னு அதைத் தேத்துறதுக்குக் கூடத் தீனி போட்டா?”

“சீக்கிரம் போயிடும்” என்று சொல்லிவிட்ட பிறகுதான் டாக்டருக்கு யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. சோற்றில் கை அப்படியே நின்றது. “யம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊருக்கே தெரியாதே. அவருக்குப் பிறந்த அன்னைக்கே அந்தப் பழுது இருந்திருக்கும்.”

“சுரண்டல் குடுக்காம இருந்திருந்தா இருந்திருப்பாகளா?”

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். “கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா” என்றார்.

சொர்ணத்தாய் போய் நோஞ்சானுக்குத் தண்ணீர் பாட்டிலை மாட்டினாள். வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. அடுத்த கூண்டுக்குப் போனாள்.

ஐப்பசி பிறந்ததும் அவளுடைய வலது கால் பெருவிரல் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. பெரியாஸ்பத்திரியில், சர்க்கரை இறங்கவில்லை என்றால் அடுத்த வாரம் பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பொன்மாரி ஓடிவந்தாள். ரெண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டவள், வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கினபடியே வந்து நின்றாள்.

“நீ எலிகளோடயேதானம்மா கெடக்க. உனக்கு ஒண்ணு கூடவா எந்திரிக்கல?”

“எந்திரிக்கலடி. எனக்குப் பொருத்தம் இல்ல.”

“எல்லாக் கூண்டும் பாத்தயா?”

“தினமும்தான் பாக்கேன்.”

சொன்னதில் பொய் கொஞ்சம்தான். அவள் தினமும் எல்லாக் கூண்டையும் தொட்டாள், ஒரு எலியும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் ஏன் நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தாள். கால் திரும்பினால் என்னென்ன திரும்பும் என்று அவள் தெருத்தெருவாகப் பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முள் வரட்டும், ஆணி வரட்டும், கங்குகூட வரட்டும். அந்தத் தார் ரோடு வரக்கூடாது. ரோடு வந்தால் ரோட்டுக்கு முன்னால் போன பாடை வரும், பாடைக்கு மேலே இருந்த முகம் வரும், அவ்வளவையும் தாங்க அவளுக்கு எங்கே இடம் இருக்கிறது? பாதத்தை வெட்டி எடுத்துவிட்டால் அந்த ரோடும் அதோடு போய்விடும். அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான்.

அடுத்த நாள் மத்தியானம் பொன்மாரி சாப்பாட்டுத் தூக்கோடு எலிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். அம்மா ஒவ்வொரு கூண்டாகத் திறந்து மரத்தூள் அள்ளுவதை வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் தூக்கைத் தரையில் வைத்தாள்.

“கையில என்னம்மா அது?”

முழங்கை வரைக்கும் மஞ்சள் ரப்பர் கையுறை.

“வேலைக்குன்னு குடுத்தது.”

“அதைப் போட்டுக்கிட்டு நின்னா எந்த எலிக்கும்மா நீ யாருன்னு தெரியும்? இத்தன நாளும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் எந்திரிக்கல எந்திரிக்கலன்னு சொன்னயா?” பொன்மாரியின் குரல் உடைந்தது. “அப்பா போனப்ப நீ அழல. எல்லாரும் என்னைத்தான் கேட்டாக, உங்கம்மா என்ன கல்லான்னு. நான் யாரைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கணும், சொல்லு? சேந்து அழ ஆள் இல்லாம நான் மிஷின்ல உக்காந்து தச்சுக்கிட்டே அழுதேன். இப்பக் காலும் போகட்டும்னு நிக்க. அப்புறம் ஒரு நாள் நீயும் போவ. உனக்கு வலிக்காது. எனக்கு வலிக்கும்மா!”

மகள் அழுவது சொர்ணத்தாய்க்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை பெய்வது மாதிரி தெரிந்தது. பொன்மாரி வந்து, சின்னப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவது போல, விரல் விரலாக இழுத்துக் கையுறையைக் கழற்றினாள். உள்ளே கை வெளுத்து ஊறிப்போயிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கூண்டு கூண்டாகக் கூட்டிக்கொண்டு போனாள். கொழுத்த எலிகள் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு எலிகள் மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போயின. ஒவ்வொரு கூண்டாகத் தாண்டத் தாண்டப் பொன்மாரியின் பிடி இறுகியது. கடைசி வரிசைக்கு வந்தார்கள்.

நோஞ்சான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடிப்பதை நிறுத்தியது. எலும்பு துருத்தின உடம்பை மெல்லத் தூக்கிப் பின்னங்காலில் நின்று, கம்பிக்கு வெளியே இருந்த சொர்ணத்தாயின் விரலை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு வந்த டாக்டர் ஹெப்சிபா, அந்தப் பெரிய உடம்பையும் அந்தக் குச்சி எலியையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு...?”

“அத்தை மகன்.”

“அதான். ஒரே வம்சம். பழுது உங்களுக்கும் இருந்திருக்கு, உடம்பு அதை வெளிய காட்டிக்கல.”

சொர்ணத்தாய் விரலை எடுக்கவில்லை. அதுவும் விடவில்லை. “இதுக்குத் தண்ணி கூட ஊத்தணும் டாக்டரம்மா” என்றாள். “நான் நாளைக்கு வர முடியாது. நீங்க பாத்து ஊத்துங்க. தீனியைக் கூட்டிப் போட்டுறாதீக.”

மறுநாள் காலை வீட்டில் பாய் விரித்தார்கள். தங்கபாப்பா மோர் கரைத்தாள். தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், பால்காரர் சங்கரலிங்கம்கூட அனுபவப்பட்டவர் என்கிற முறையில் வாசலில் வந்து நின்றார். சொர்ணத்தாய் காலை நீட்டி நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெயில் முற்றத்துக்கு வந்தபோது முதல் முள் வந்தது. அவள் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது.

“முள்ளு” என்றாள் தங்கபாப்பா.

“முள்ளுதான்.”

அது போனது. அடுப்பு விறகு காலில் விழுந்தது வந்தது. புதுச் செருப்பு கடித்தது வந்தது. கதவிடுக்கில் சுண்டுவிரல் நசுங்கியது வந்தபோது அவள் “யாத்தே!” என்று கத்தினாள். அவள் கத்திக் கேட்டு எத்தனை நாளாச்சு, பெண்கள் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. “கத்து மதினி, நல்லாக் கத்து” என்றார்கள். சூடான பால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சைக்கிள் ஸ்டாண்டு இடித்தது. ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார்கள், ஒவ்வொன்றாகப் போனது. அடுத்தது ரோடு என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பாயை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டுக்காகக் காத்திருந்தாள்.

ரோடு வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

வலது பாதத்தின் மேல் ஏதோ மெல்ல வந்து உட்கார்ந்தது. சூடாக, லேசாக, நடுங்கிக்கொண்டு. சொர்ணத்தாய் மூச்சைப் பிடித்தாள்.

“என்ன மதினி, பல்லியா?”

“இல்ல.”

“எறும்பு ஏறுதா?”

அவள் தலையை ஆட்டினாள். அது பாதத்தைச் சுற்றிப் பிடித்தது. நான்கு விரல் கீழே, ஒரு விரல் மேலே. மேலே இருந்த விரல் தோல் காய்த்து, நகம் நடுவில் பிளந்து, அந்தப் பிளவு அவள் தோலில் உரசியது. அது அமுக்கியது. விட்டது. கொஞ்சம் தள்ளி அமுக்கியது. விட்டது. டியூபில் காற்று எங்கே போகிறது என்று தேடுகிற மாதிரி, அவள் பாதம் முழுக்க, இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு அமுக்கியது. வார்டு கழுவுகிற அம்மாள் காலைத் தூக்கச் சொன்ன நேரம். காக்கா குளித்த நேரம். அத்தனை நேரமும் அவர் அவள் காலைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியில் தேடுவதை நிறுத்திவிட்டு, பாதத்தை முழுசாகப் பிடித்து ஒரே ஒரு தடவை இறுக்கியது. அப்படியே இருந்தது. பிறகு விரல் விரலாக விட்டது.

சொர்ணத்தாயின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுச் சங்கரலிங்கம் வாசலைவிட்டு நகர்ந்து போய்விட்டார். பெண்கள் அது என்ன வலி என்று கேட்கவில்லை. போன வருஷம் வராத கண்ணீர் மோவாயில் வழிந்து பாயில் சொட்டியது. பொன்மாரி “அம்மா, அம்மா” என்று அழுதுகொண்டே வந்து அவள் காலைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“தொடாதடி, செத்த நேரம் இரு” என்றாள் சொர்ணத்தாய். “அந்த இடம் இன்னும் சூடா இருக்கு.”

மகள் கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சொர்ணத்தாய் அவள் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

“உங்கப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காகடி.”

சூடு மெல்ல ஆறியது. பிறகு பாதத்தின் அடியில் தார் ரோடு ஆரம்பித்தது. அவள் பாயை விட்டுவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.